அப்பாவின் கிட்டார், பிள்ளையின் சட்டி

ராயபுரத்தில் பிறந்த இசைவாணிக்கு மேடை அப்பாவின் கீபோர்டுக்குப் பக்கத்தில் தொடங்கியது. யாரிடமும் போய்ப் படிக்காமல், காதால் கேட்டுக் கேட்டே வாசிக்கக் கற்றுக்கொண்டவர் அந்த அப்பா. மகளுக்கு ஆறு வயதானபோதே தன்னோடு மேடையேற்றினார். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, தெருமுனைக் கச்சேரி என்று வட சென்னையில் ஒரு மெல்லிசைக் குழுவுக்கு வேலை வரும் இடங்களெல்லாம் அந்தச் சிறுமிக்குப் பள்ளிக்கூடம்.

2018 ஜனவரி 6. கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானம். இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முறையாக மேடையேறியது. 19 கலைஞர்கள். ஒரு பக்கம் எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ், டிரம்ஸ். இன்னொரு பக்கம் பறை, டோலக், சட்டி, கட்டமோளம். கானா பாடகர்களும் ராப் பாடகர் அறிவும் நின்ற அந்த வரிசையில் ஒரே பெண் குரல் இசைவாணி. ஆண்களின் கோட்டையாகவே இருந்துவந்த கானாவை ராக் இசையின் முழு அதிர்வோடு ஒரு ராயபுரத்துப் பெண் பாடிய இரவு அது. மூன்று ஆண்டுகள் முடிவதற்குள், 2020-க்கான பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

அப்பாவின் கீபோர்டுக்கும் மகள் நின்ற இந்த மேடைக்கும் நடுவில் வட சென்னையின் ஒரு தலைமுறை இருக்கிறது.

உலகத்தில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் ராக் இசையை வைத்து வீட்டுக்குள் நடக்கும் சண்டை ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாக வைப்பான். அப்பா, ‘இதெல்லாம் ஒரு பாட்டா, காட்டுக்கத்தல்’ என்பார். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான வீடுகளிலும் இந்தச் சண்டை உண்டு. ஆனால் காரணத்தைத் தோண்டினால் கதை தலைகீழாகக் கிடைக்கிறது. இங்கே மேற்கத்திய கிட்டாரை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் அப்பாக்கள். அந்தக் கிட்டாருக்குப் பக்கத்தில் சாவு மேளத்தை வைத்ததுதான் பிள்ளைகள் செய்த குற்றம்.

துறைமுகம் இருக்கும் ஊருக்குப் பாட்டு கப்பலில் வரும். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காகக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே 1969-இல் உருவான பர்மா பஜார், ராயபுரத்துக்காரர்களுக்கு நடந்துபோகும் தூரம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வெளிநாட்டு டூ-இன்-ஒன் வாங்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். அதோடு போனி எம், அபா கேசட்டுகளும் வந்தன. ஆங்கிலத்தில் ஒரு வரி புரியாதவர்களும் ‘டாடி கூல்’ தாளத்துக்குத் தொடையில் தட்டினார்கள். நாடா சிக்கிக்கொண்ட கேசட்டின் பல் சக்கரத்தில் ஆறு பட்டைப் பென்சிலைச் செருகி மெல்லச் சுற்றி எடுக்கும் பொறுமை, இன்று ஐம்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவர் விரலிலும் இருக்கிறது. அந்த டூ-இன்-ஒன் இன்னமும் பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. பாடாது. ஆனாலும் எடைக்குப் போட மனம் வராது.

ரயில்வே வேறொரு வழியைத் திறந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று கிளம்பியது ராயபுரம் நிலையத்திலிருந்து. ரயில்வேயை நம்பி ராயபுரத்திலும் பெரம்பூரிலும் குடியேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கிட்டாரும் நடனமும் வீட்டுப் பொருள்போல இருந்தன. ஜிம் ரீவ்ஸ், கிளிஃப் ரிச்சர்ட், எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க் ஆகிய பாடகர்கள் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. அதில் தவறும் இல்லை. கிளிஃப் ரிச்சர்ட் பிறந்தது லக்னோவில். எங்கல்பெர்ட் 1936-இல் பிறந்தது நம் மதராஸிலேயே. ‘சார்பட்டா பரம்பரை’ படத்தில் ஜான் விஜய் நடித்த கெவின் என்கிற ‘டாடி’யைப் பார்த்து வட சென்னைப் பெரியவர்கள் நெகிழ்ந்துபோனதற்குக் காரணம் இருக்கிறது. அப்படி ஒருவர் அவர்கள் தெருவில் இருந்தார். அவருடைய பிள்ளைகள் மெல்போர்னுக்கோ பெர்த்துக்கோ போய்விட்டார்கள்.

மூன்றாவது வழி தேவாலயம். ராயபுரம் என்ற பெயரே புனித பேதுருவான ராயப்பரிடமிருந்து வந்ததாகச் சொல்வார்கள். படகோட்டிகள் கட்டிய புனித பேதுரு ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது. வழிபாட்டுப் பாடல் குழுவில் கிட்டார் வாசிக்க ஒரு பையன் தேவைப்பட்டபோது, அவன் மீனவர் வீட்டிலிருந்தும் வந்தான், ஆலைத் தொழிலாளி வீட்டிலிருந்தும் வந்தான். சி மேஜர், ஜி மேஜர் மாதிரி மூன்று கார்டு தெரிந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைச் சமாளித்துவிடலாம். அதே மூன்று கார்டில்தான் பாதி ராக் அண்ட் ரோல் நிற்கிறது என்பது பிற்பாடு தெரியவரும்.

வட சென்னையை இசை தெரியாத ஊராகப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருவொற்றியூர் திரிபுரசுந்தரி மீது தியாகராஜர் பாடிய ஐந்து கீர்த்தனைகள் ‘திருவொற்றியூர் பஞ்சரத்னம்’ என்றே பெயர் பெற்றவை. அவருடைய சீடர் வீணை குப்பையரின் மகனைச் சங்கீத உலகம் அறிந்ததே திருவொற்றியூர் தியாகய்யர் என்று. கோயிலைச் சுற்றி ஒரு இசை, ஆலையைச் சுற்றி ஒரு இசை, சுடுகாட்டுப் பாதையில் ஒரு இசை என்று இந்த மண்ணில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டது ஊர்.

ஆலை என்றதும் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. ராக் இசையின் மிகக் கனமான வடிவமான ஹெவி மெட்டல் பிறந்த இடம் இங்கிலாந்தின் பர்மிங்காம். அது ஓர் ஆலை நகரம். அங்கே தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன், வேலையை விடவிருந்த கடைசி நாளில் வலது கை விரல்கள் இரண்டின் நுனியை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தான். இடது கைப் பழக்கமுள்ளவன் என்பதால் தந்தியை அழுத்துகிற கை அது. இனி கிட்டார் இல்லை என்ற நிலை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டான். தந்தியை அழுத்தினால் வலித்ததால் மெல்லிய தந்திகளைப் போட்டான், பிறகு சுருதியையும் கீழே இறக்கித் தளர்த்தினான். அந்தக் கிட்டாரின் இருட்டான உறுமல்தான், அவன் வாசித்த பிளாக் சபாத் குழு 1970-இல் அதே பெயரில் வெளியிட்ட இசைத்தட்டிலிருந்து ஒரு புது இசை வகையாக வளர்ந்தது. பத்து ஆண்டு கழித்து அதே ஊரின் இன்னொரு குழுவான ஜூடாஸ் பிரீஸ்ட், தன் இசைத்தட்டுக்கு வைத்த பெயர் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’.

பர்மிங்காமுக்குத் தெற்கே இருக்கும் சிற்றூர் ரெட்டிச். ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளின் தாய்வீடு. 1955-இல் அந்த வண்டிக்கு இரண்டாவது வீடு கிடைத்தது திருவொற்றியூரில். இந்திய ராணுவத்துக்கு வேண்டிய 350 சிசி புல்லட்டுகளுக்காகத் தொடங்கிய ஆலை. 1970-இல் இங்கிலாந்தில் அந்த வண்டியின் கதை முடிந்தது. திருவொற்றியூரில் முடியவில்லை. கொஞ்ச தூரத்தில் எம்.ஆர்.எஃப்., அதன் அந்தப் பக்கம் எண்ணூரில் அசோக் லேலண்ட், பிறகு அனல் மின் நிலையம். ஷிப்ட் சங்கு ஊத, சாப்பாட்டுத் தூக்கோடு சைக்கிளில் நகர்ந்த கூட்டம் அயோமியின் அண்ணன் தம்பிகள்தான், கண்டம் மட்டும் வேறு. பர்மிங்காமில் அந்தத் தொழிலாளியின் பிள்ளை ஆலையின் சத்தத்தையே பாட்டாக்கினான். அதே சத்தத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த திருவொற்றியூர் அப்பா, வீட்டுக்கு வந்ததும் ஜேசுதாஸின் குரலைக் கேட்க ஆசைப்பட்டார். பிள்ளை டிஸ்டார்ஷன் பெடலை அழுத்தும்போது அந்த அப்பாவுக்கு ஏற்படும் எரிச்சலை ரசனைக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் காதுக்கு அது ஓவர்டைம்.

இதே சென்னையில் அந்த நாளிலேயே ராக் குழுக்கள் இருந்தன. சிம்லா சிகரெட்டின் பெயரில் நடந்த ‘சிம்லா பீட்’ போட்டியின் 1970-ஆம் ஆண்டு இசைத்தட்டில் மதராஸின் ‘கன்ஃப்யூஷன்ஸ்’ குழுவின் பாட்டு இடம்பெற்றது. ஏ.ஆர்.ரஹ்மான் இளைஞராக இருந்தபோது ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவை நடத்தினார். ஐ.ஐ.டி.யின் கலைவிழாவில் ராக் இரவு என்றால் கூட்டம் அள்ளும். அவையெல்லாம் பெரும்பாலும் கூவத்துக்குத் தெற்கே நடந்த சங்கதி. வட சென்னைப் பையனுக்கு அண்ணா சாலையில் 1842 முதல் இருக்கும் மியூசி மியூசிக்கல் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று கிட்டார் பார்ப்பதே பெரிய பயணம்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு தகப்பன் கடன் வாங்கிக் கிட்டாரோ கீபோர்டோ வாங்கினார் என்றால் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. கீபோர்டு வாசிக்கிறவனை ‘மாஸ்டர்’ என்பார்கள். அவனுக்கு மேடையில் நாற்காலி உண்டு, சட்டையில் மடிப்பு இருக்கும், கல்யாண வீட்டில் முதல் பந்தியில் சாப்பாடு. சட்டி அடிக்கிறவனுக்கு இதில் எதுவும் கிடையாது.

சட்டி என்றால் சமையல் சட்டி அல்ல. சட்டி வடிவத்திலேயே இருக்கும் சின்னத் தோற்கருவி, இரண்டு குச்சியால் அடிப்பது. சாவு ஊர்வலத்தில் கட்டமோளம் அடிவயிற்றில் இடிக்கும்போது, அதற்கு மேலே பொரிகிறமாதிரி கிளம்பும் கூர்மையான ஓசை சட்டியுடையது. நாலு தெரு தள்ளியிருப்பவருக்கும் ‘யாரோ போய்ட்டாங்க’ என்று சொல்லிவிடும். அன்று ராத்திரி சாமியானா பந்தலில், மாலை போட்ட போட்டோவுக்கு முன்னால் டோலக்கை வைத்து மரண கானா நடக்கும். செத்துப்போனவர் பெயர், பிள்ளைகள் பெயர், அவர் பார்த்த வேலை, எல்லாவற்றையும் பாடகர் அங்கேயே கட்டிப் பாட்டுக்குள் கொண்டுவந்துவிடுவார். அதுவரை அழாமல் உட்கார்ந்திருந்த மூத்த மகன் அந்த இடத்தில் உடைவான். துக்கத்தை விடியும்வரை தாங்கிப் பிடிக்க அந்த வீட்டுக்கு இருந்த ஒரே கலை அது.

இதை வாசித்தவர்கள் பெரும்பாலும் தலித்துகள். வாசித்த கைக்குக் கூலி கிடைத்தது, மரியாதை கிடைக்கவில்லை. தமிழ்நாடு முழுக்கவே பறை பற்றி இரண்டு குரல்கள் எழுந்தன. இழிவாகச் சுமத்தப்பட்ட தொழிலை விட்டொழி, சாவுக்கு அடிக்கப் போகாதே என்றது ஒன்று. அதே கருவியை விடுதலையின் கருவியாக்கு என்றது இன்னொன்று. மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டையும் தாளத்தையும் தேவாலயத்துக்குள்ளேயே கொண்டுபோனார். வட சென்னையில் அப்பாக்களின் தலைமுறையில் பெரும்பாலோர் முதல் குரலைக் கேட்டவர்கள். சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளையின் கையில் கிட்டாரைக் கொடுத்தார்கள். நேர்காணலில் ராயபுரம், வியாசர்பாடி என்று முகவரி சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்தவர்கள் அவர்கள். வீட்டுக்குள் ஒரு ஆங்கிலப் பாட்டு ஒலிப்பது அவர்களுக்குப் பாதுகாப்பு. ‘கானா பாட்டா? நம்ம வீட்ல அதெல்லாம் வேணாம்டா’ என்று சொன்னதன் பின்னே இருந்தது அச்சமும் அக்கறையும்.

அதற்குள் கானா தன் பாட்டுக்கு வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. இசையமைப்பாளர் தேவா அதைத் திரையிசையில் நிலைநிறுத்தினார். 2006-இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்துக்காகக் கானா உலகநாதன் பாடிய வாள மீன் கல்யாணம் தமிழ்நாடு முழுக்க ஒலித்தது. 2012-இல் ‘அட்டகத்தி’யில் சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலா பாடினார். கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் பெட்டியின் தகரத்தைத் தட்டியபடி கல்லூரி மாணவர்கள் பாடியதும், மொட்டை மாடியில் செல்போனில் படம் பிடித்து யூடியூபில் ஏற்றியதும் அதே காலம்தான். அந்தப் பிள்ளைகளின் பனியனில் பாப் மார்லி சிரித்தார். தூரத்து ஜமைக்காவின் சேரியிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிய ஒருவரின் படத்தை மார்பில் போட்டுக்கொண்டு, தன் சேரியின் தாளத்தைக் கேட்க மட்டும் கூச்சப்பட வேண்டுமா என்ற கேள்வி அந்தத் தலைமுறைக்கு எழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் அதற்கு மேடையில் பதில் சொன்னது. பெயரே அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த ‘சாதியற்ற தமிழர்’ என்ற எண்ணத்திலிருந்து எடுத்தது. இடஒதுக்கீடு பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறி பற்றி ஒரு பாட்டு, வட சென்னை பற்றியே ஒரு பாட்டு. இசை என்ற அளவில் அவர்கள் செய்த முக்கியமான வேலை ஒன்று உண்டு. ஃப்யூஷன் என்ற பெயரில் நடப்பதில் பெரும்பாலும் கிட்டார் முன்னால் நிற்கும், நாட்டுப்புறக் கருவி ஓரத்தில் ஊறுகாயாக வந்துபோகும். இங்கே தாளத்தின் அச்சாணி சட்டியும் கட்டமோளமும். ஆறு எண்ணிக்கையில் உருளும் கானாவின் ஓட்டத்துக்குள் டிரம்ஸும் பேஸும் இடம் தேடி உட்கார வேண்டியிருந்தது. கிட்டாரின் உறுமல் அதற்கு மேல் ஏறியதும், சுடுகாட்டுப் பாதையின் தாளம் அரங்கத்தின் ராக் ஆகிவிட்டது. கேட்கிறவர் உடம்பு முதலில் அடையாளம் கண்டுகொள்கிறது, மனசு பிறகுதான் வந்து சேர்கிறது.

கூடவே விலையும் வந்தது. சபரிமலைக்குப் பெண்கள் போவது பற்றி இசைவாணி பாடிய ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ பாட்டுக்காக அவருக்கு மிரட்டல்கள் குவிந்தன. பாட்டு வெளிவந்து ஆண்டுகள் கழித்து, 2024-இல் மறுபடியும் கிளம்பியது அந்தக் கூச்சல். ‘வேண்டாம்டா, நமக்கெதுக்கு’ என்று சொல்லும் பெற்றோரின் பயத்தில் உண்மை இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. பாட்டு பிடிக்காமல் போவதால் மட்டும் ஒரு அம்மா மகளைத் தடுப்பதில்லை. மேடையிலிருந்து இறங்கி அவள் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டுமே என்பதும் அதில் இருக்கிறது.

எண்ணூருக்கு வந்தால் இதே கதை இன்னொரு வடிவில் கிடைக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் அனல் மின் நிலையங்களின் சாம்பல் படிந்து கிடக்கிறது. 2017 ஜனவரியில் அங்கே படமாக்கி வெளியானது ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’. எழுதியவர் கபேர் வாசுகி, டென்மாவோடு ‘குரங்கன்’ என்ற தமிழ் ராக் குழுவில் இருந்தவர். பாடியவர் டி.எம்.கிருஷ்ணா, ராகமாலிகையாக. ராக் பக்கத்திலிருந்து வந்தவரின் சொல்லைக் கர்நாடக வித்வான் ஒருவர் சாம்பல் மேட்டில் நின்று பாடினார். ஊருக்குப் பொதுவான நிலத்தைக் குறித்த ‘பொறம்போக்கு’ என்ற சொல் எப்படியோ வசைச்சொல்லாகிப் போயிருந்தது. அந்தப் பாட்டு அதைத் தலைநிமிர்ந்து தன் பெயராக ஏற்றுக்கொண்டது. சட்டிக்கு வட சென்னைப் பிள்ளைகள் செய்ததும் இதைத்தான். அதே மாதக் கடைசியில், 28-ஆம் தேதி, எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது. வாளியால் எண்ணெயை அள்ளிய கைகளில் பாட்டு கேட்கும் வயதுப் பிள்ளைகளின் கைகளும் நிறைய இருந்தன.

பர்மிங்காமில் இப்போது ராக் தாத்தாக்களின் இசை. 1948-இல் பிறந்த பிளாக் சபாத் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன், 2025 ஜூலை 5 அன்று சொந்த ஊரின் வில்லா பார்க் மைதானத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி கடைசியாகப் பாடினார். பதினேழு நாள் கழித்துக் காலமானார். அந்த ஊர் அவரை ஊர்வலமாக வழியனுப்பியபோது முன்னால் அவருடைய பாட்டுகளைப் பித்தளைக் கருவிகளில் வாசித்துக்கொண்டு ஒரு குழு நடந்தது. மேளத்தோடு ஒரு சாவு. வட சென்னைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இங்கே விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக மூடிவருகிறது. 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ கானாவையும் ஒப்பாரியையும் பறையையும் சபா சீஸனின் மாதத்திலேயே மேடையேற்றியது. பிள்ளை பாடுவதை அரங்கத்தில் உட்கார்ந்து கேட்கும்போது, பெற்றோருக்கு அந்தத் தாளத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த பழைய அவமானம் சற்று விலகுகிறது. எல்லோருக்கும் அல்ல. இன்றும் பல வீடுகளில் ஹெட்போன்தான் சமாதான உடன்படிக்கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம் ஏதாவது கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் இந்தக் கதை முழுவதையும் மூன்று மணி நேரத்தில் கேட்டுவிடலாம். முதலில் பிள்ளையார் பாட்டு. பிறகு எம்.ஜி.ஆர்., அதன் பின்னால் நெடுநேரம் இளையராஜா. ஒன்பதரை மணிக்குப் பெரியவர்கள் பந்திக்கு எழுந்ததும், மாப்பிள்ளையின் கூட்டாளிகள் மேடைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். அவர்களில் ஒருவன் மைக்கை வாங்குவான். கானா பாடுகிறவனிடம் ஸ்கேல் என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எடுத்த எடுப்பில் பாட ஆரம்பித்துவிடுவான். ஓரத்தில், மூக்குக் கண்ணாடியும் நரைத்த மீசையுமாக அதுவரை ராஜாவின் இன்டர்லூடுகளைப் பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்த கீபோர்டு மாஸ்டர் தலையைச் சாய்த்துக் கேட்பார். ஒரு கட்டையைத் தொடுவார், இல்லை. பக்கத்துக் கட்டை, அதுவும் இல்லை. மூன்றாவதில் பையனின் குரல் வந்து உட்காரும். டோலக்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு, இடது கையால் பேஸைப் பிடிப்பார்.